எத்தனை டன் வேண்டும்? – வீட்டுக்குக் குளிரூட்டி வாங்குமுன் ஒரு கணக்கு

கோடை நெருங்கும்போது மின்சாதனக் கடைகளில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இரண்டே வரிகளில் முடிந்துவிடுகிறது. "அறை என்ன அளவு?" என்று விற்பனையாளர் கேட்கிறார். "பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு" என்கிறோம். "அப்படியானால் ஒன்றரை டன் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்ல, நாமும் தலையசைத்துவிட்டுத் தவணைத் திட்டத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறோம். நாற்பதாயிரம் ரூபாய் அளவிலான ஒரு செலவும், அதைத் தொடர்ந்து வரவிருக்கும் எட்டு, பத்து ஆண்டுகளின் மின்கட்டணமும் அந்த இரண்டு வரிகளிலேயே முடிவாகிவிடுகின்றன.

வீட்டுக்கடன் வாங்கும்போது வட்டி விகிதத்தைப் பத்து முறை ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், குளிரூட்டி வாங்கும்போது ஒரு தாளில் நான்கு எண்களைக்கூட எழுதிப் பார்ப்பதில்லை. பணிமாறுதலின் பேரில் நாக்பூர், தில்லி, ஜோத்பூர், பெங்களூரு என்று ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியமானது. ஓர் ஊரில் பொருத்தமாக இருந்த கருவி மற்றோர் ஊரில் பொருத்தமற்றதாகிவிடும். அந்தக் கணக்கை எவ்வாறு போடுவது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

டன் என்பது எதன் அளவு?

டன் என்றதும் கருவியின் எடை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது வெப்பத்தை வெளியேற்றும் திறனின் அளவு. குளிர்பதன இயந்திரங்கள் வருவதற்கு முன்பு அமெரிக்காவில் பனிக்கட்டியைக் கொண்டே பொருள்களைக் குளிர்வித்தார்கள். அந்நாட்டு வழக்கில் ஒரு டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 907 கிலோகிராம். அத்தனை பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்த்திறன் எனப்பட்டது. மணிக்கு 12,000 பி.டி.யு. என்றும், 3,517 வாட் என்றும் இதைக் குறிப்பார்கள்.

இந்த 3,517 வாட் என்பது கருவி செலவிடும் மின்சாரம் அன்று என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஒன்றை உண்டாக்குவதைவிட இடம் மாற்றுவதற்குக் குறைவான ஆற்றலே போதும். ஆகவேதான் ஒன்றரை டன் கருவி 5,275 வாட் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு ஏறத்தாழ 1,500 வாட் மின்சாரமே எடுத்துக்கொள்கிறது.

ஆக, "எத்தனை டன் வேண்டும்?" என்ற கேள்வியின் உண்மையான பொருள், "நம் அறைக்குள் மணிக்கு எவ்வளவு வெப்பம் நுழைகிறது?" என்பதே. தரையின் பரப்பளவு மட்டும் இதற்கு விடை தராது.

நாக்பூரில் ஒரு படுக்கையறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு கணக்கிடுவோம். நாக்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கடைசித் தளத்தில் ஒரு குடும்பம் வாழ்கிறது. படுக்கையறை 12 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். தலைக்கு மேலே மொட்டைமாடி. மேற்குச் சுவரில் நான்கடிக்கு நான்கடி அளவில் கண்ணாடிச் சன்னல். மற்றொரு சுவரும் வெளிப்புறத்தை நோக்கியது. பெற்றோரும் மகளுமாக மூவர் அவ்வறையில் உறங்குகின்றனர். மே மாதப் பிற்பகலில் வெளியே 43 டிகிரி. உள்ளே 25 டிகிரி வேண்டும்.

வெப்பம் நுழையும் வழிகளைத் தோராயமாக இப்படிப் பட்டியலிடலாம்:

மேற்கூரை வழியாக – 1,100 வாட்
மேற்குச் சுவர் வழியாக – 400 வாட்
மற்றொரு வெளிச்சுவர் வழியாக – 300 வாட்
உட்சுவர்களும் தரையும் – 400 வாட்
திரைச்சீலை இட்ட மேற்குச் சன்னல் – 550 வாட்
மூவரின் உடல்வெப்பம் – 300 வாட்
மின்விசிறி, விளக்கு, தொலைக்காட்சி – 150 வாட்
கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியே புகும் காற்று – 250 வாட்

கூட்டினால் 3,450 வாட். டன்னில் சொன்னால் 0.98. அப்படியானால் ஒரு டன் கருவி போதுமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. குளிரூட்டியின் மீது அச்சிடப்படும் திறன், வெளியே 35 டிகிரி வெப்பம் நிலவும்போது அளக்கப்பட்டது. வெளிவெப்பம் ஏற ஏறக் கருவியின் திறன் குறைந்துகொண்டே வரும். 43 டிகிரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கொண்டால், நமக்குத் தேவைப்படும் திறன் 3,450 ஐ 0.9 ஆல் வகுக்கக் கிடைக்கும் 3,830 வாட், அதாவது 1.09 டன். ஒரு டன் கருவி கடும்கோடையில் மூச்சு வாங்கும். கடைக்காரர் சொன்ன ஒன்றரை டன் இந்த அறைக்குச் சரியான விடையே.

ஆனால் அதே கட்டடத்தில், அதே அளவுள்ள, மூன்றாம் தளத்து அறையை எண்ணிப் பாருங்கள். அதன் மேலே மற்றொரு வீடு இருப்பதால், மேற்கூரை வழி வரும் 1,100 வாட் ஏறத்தாழ 150 வாட்டாகச் சுருங்கிவிடும். மொத்தம் 2,500 வாட். திறன்குறைவைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் 0.79 டன்தான். அங்கே ஒரு டன் கருவியே தாராளம். தரைப்பரப்பு இரு அறைகளுக்கும் ஒன்றுதான், தேவையோ வேறு. "அறை என்ன அளவு?" என்ற ஒற்றைக் கேள்வியின் குறை இப்போது விளங்கும்.

வாங்குமுன் குறைக்க வேண்டியது வெப்பத்தை

மேற்கண்ட பட்டியலை மறுபடியும் பார்ப்போம். மேற்கூரையும் மேற்குச் சன்னலும் மட்டுமே ஏறத்தாழ பாதி வெப்பத்தைக் கொண்டுவருகின்றன. இவ்விரண்டையும் குறைக்க எளிய வழிகள் உள்ளன.

மொட்டைமாடியில் வெயிலை எதிரொளிக்கும் வெண்பூச்சு அடிப்பது முதலாவது. வெள்ளை ஓடு பதித்தாலும் நன்று. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துப் பல மணி நேரம் கழித்தே அதை உள்ளே விடும்; இரவு ஒன்பது மணிக்கும் மேல்தளத்து வீட்டின் உட்கூரை கையைச் சுடுவது இதனால்தான். வெண்பூச்சு அந்த வெப்பத்தைத் தளத்துக்குள் புகவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது, சன்னலுக்கு வெளியே நிழல் தருவது. உள்ளே தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கிறது. வெளியே கட்டிய மூங்கில் தட்டியோ, வெயில்மறைப்போ கண்ணாடியைத் தொடுமுன்பே வெயிலை நிறுத்திவிடும்.

நாக்பூர்க் குடும்பம் இவ்விரண்டையும் செய்வதாகக் கொள்வோம். மேற்கூரை வெப்பம் 1,100 இலிருந்து 550 ஆகவும், சன்னல் வெப்பம் 550 இலிருந்து 300 ஆகவும் குறைகின்றன. மொத்தம் 2,650 வாட். திறன்குறைவைச் சேர்த்தால் 0.84 டன். ஒன்றரை டன் தேவைப்பட்ட அறைக்கு இப்போது ஒரு டன் போதும். கருவியின் விலையில் சில ஆயிரங்கள் மிச்சமாவதுடன், ஒவ்வொரு கோடையிலும் மின்கட்டணம் குறைகிறது. மின்தடை நேரும் இரவுகளிலும் அந்த அறை முன்போல் கொதிக்காது. குளிரூட்டி தர முடியாத நன்மை இது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடி பொதுச்சொத்து. ஆகவே பூச்சு அடிக்கும் முன் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரிடம் பேசிப் பார்க்கலாம். கூரையின் ஆயுளும் இதனால் கூடுகிறது என்பதால் பலர் இசைவார்கள்.

பெரியதாக வாங்கினால் என்ன தவறு?

"சிறியது வாங்கித் தவிப்பதைவிடப் பெரியதாக வாங்கிவிடுவோமே" என்பது நம்மில் பலருடைய எண்ணம். விலை கூடும் என்பது ஒருபுறமிருக்க, வசதியும் குறையும் என்பதை அறிய வேண்டும்.

குளிரூட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. காற்றின் வெப்பத்தைக் குறைப்பது ஒன்று. காற்றிலுள்ள ஈரத்தை வடித்து வெளியேற்றுவது மற்றொன்று. உட்புறக் கருவியிலிருந்து குழாய் வழியே சொட்டும் நீர் இந்த இரண்டாம் வேலையின் சான்று. குளிர்ந்த சுருளின் மீது காற்று தொடர்ந்து பாய்ந்தால்தான் ஈரம் வடியும். அறைக்குத் தேவையானதைவிட இரு மடங்கு திறனுள்ள கருவியைப் பொருத்தினால், அது சில நிமிடங்களிலேயே வெப்பநிலையைக் குறைத்துவிட்டு நின்றுவிடும். சுருளில் படிந்த ஈரம் வடிந்து போகுமுன்பே மறுபடியும் காற்றில் கலக்கும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் பிசுபிசுக்கும். சுவரிலும் துணியலமாரியிலும் பூஞ்சை தலைகாட்டும். ஆஸ்துமா உள்ள முதியவரோ குழந்தையோ இருக்கும் வீட்டில் இது சிறிய செய்தி அன்று.

இன்வெர்ட்டர் வகைக் கருவிகள் தேவைக்கேற்பத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் இந்தக் குறையைப் பெருமளவு தணிக்கின்றன. எனினும் அவற்றுக்கும் ஒரு கீழ்எல்லை உண்டு. இரண்டு டன் இன்வெர்ட்டரை அரை டன் தேவையுள்ள அறையில் வைத்தால் மழைக்கால இரவுகளில் அதுவும் நின்று நின்றே ஓடும்.

ஊருக்கு ஏற்ற கருவி

நம் நாட்டின் கட்டட விதிகள் இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கின்றன: வெப்பமும் வறட்சியும் உடையது, வெப்பமும் ஈரமும் உடையது, மிதமானது, குளிரானது, பலவும் கலந்தது. ஜோத்பூரும் அகமதாபாத்தும் முதல் வகை. சென்னை, மும்பை, கொல்கத்தா இரண்டாம் வகை. பெங்களூரு மிதமானது. தில்லியும் நாக்பூரும் கலப்பு வகை.

வறண்ட ஊர்களில் குளிரூட்டிக்கு முன்பு ஏர் கூலரை எண்ணிப் பார்க்க வேண்டும். 42 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை நனைந்த திரையின் வழியே செலுத்தினால், நல்லதொரு கூலர் அதை ஏறத்தாழ 28 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரமோ சில விசிறிகளின் அளவுதான். அதே கூலரை 36 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னையில் வைத்தால் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. காற்றில் ஈரமும் ஏறிப் புழுக்கம் கூடும். ஜோத்பூரிலிருந்து மாறுதலாகி வருபவர் கூலரைச் சுமந்துகொண்டு சென்னைக்கு வருவது வீண்செலவு. தில்லியில் மே, ஜூன் மாதங்களுக்குக் கூலர் உதவும். பருவமழை தொடங்கியபின் உதவாது.

வடமாநிலங்களில் வாழ்வோருக்குக் குளிர்காலமும் ஒரு கணக்கு. கம்பிச்சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் வெப்பமாக மட்டுமே மாற்றும். "ஹாட் அண்ட் கோல்ட்" எனப்படும் குளிரூட்டி, குளிர்காலத்தில் தன் போக்கை மாற்றிக்கொண்டு வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். தில்லி, சண்டிகர் போன்ற நகரங்களில் புதிதாகக் குளிரூட்டி வாங்குவோர் இவ்வகையின் கூடுதல் விலையைத் தனி ஹீட்டரின் விலையோடும் அதன் மின்கட்டணத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற உறைபனி ஊர்களில் வெளிப்புறக் கருவியில் பனி படிந்து திறன் குன்றும். ஆகவே எந்த வெப்பநிலை வரை இயங்கும் என்று கேட்டே வாங்க வேண்டும்.

குளிர்காலத்தைப் பற்றிய பேச்சில் ஓர் எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காயும் வழக்கம் வடக்கே இன்றும் உண்டு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும். எந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது.

நட்சத்திரங்களைப் படிக்கும் முறை

எரிசக்தி திறன் பணியகம் 2006 இல் நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. 2018 முதல் அறைக் குளிரூட்டிகள் அனைத்துக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற அளவீடு கட்டாயமாயிற்று. 24 முதல் 43 டிகிரி வரையிலான நம் நாட்டு வெப்பநிலைகளில், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் கருவி ஓடுவதாகக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. எண் பெரிதாக இருந்தால் சிக்கனம் கூடுதல்.

நட்சத்திரங்களை எண்ணும் முன் குறியீட்டில் அச்சிடப்பட்ட ஆண்டைப் பார்க்க வேண்டும். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2018 இல் ஸ்பிளிட் வகைக்கு ஐந்து நட்சத்திரம் பெற 4.50 போதுமாயிருந்தது, 2022 ஜூலை முதல் 5.00 தேவைப்பட்டது. அதாவது முந்தைய அளவுகோலில் 4.60 பெற்று ஐந்து நட்சத்திரம் பெற்ற கருவி, பிந்தைய அளவுகோலில் நான்கு நட்சத்திரமே பெறும். தள்ளுபடியில் விற்கப்படும் பழைய இருப்பை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, ஐந்து நட்சத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? குறியீட்டிலேயே ஆண்டு மின்நுகர்வு யூனிட்டில் தரப்பட்டிருக்கும். ஒப்பிடும் இரு கருவிகளில் மூன்று நட்சத்திரத்துக்கு 1,000 யூனிட்டும் ஐந்து நட்சத்திரத்துக்கு 780 யூனிட்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 220 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,760 ரூபாய் மிச்சம். விலையில் 8,000 ரூபாய் வேறுபாடு இருந்தால் நான்கரை ஆண்டுகளில் அது திரும்பிவிடும். கோடை நீண்ட ஊரில் ஆண்டுக்கு 2,400 மணி நேரம் ஓட்டுபவருக்கு மூன்றே ஆண்டுகளில் திரும்பும். பெங்களூருவில் 600 மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கோ பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும்; அதற்குள் கருவியே மாற்றும் நிலைக்கு வந்துவிடலாம். அவருக்கு மூன்று நட்சத்திரமே சிக்கனம்.

வாயுவையும் கேட்டு வாங்குவது நல்லது. பழைய ஆர்-22 வாயு ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்வதால் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகிறது. இன்று பரவலாக உள்ள ஆர்-32, அதற்கு முன்பிருந்த ஆர்-410ஏ வாயுவைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவாகவே காரணமாகிறது. அது சிறிதளவு தீப்பற்றக்கூடியது. ஆகவே பயிற்சி பெற்றவரைக் கொண்டே நிரப்ப வேண்டும்.

தவணையின் உள்ளே இருக்கும் வட்டி

"வட்டியில்லாத் தவணை" என்ற அறிவிப்பு கோடைக் காலக் கடைகளில் கண்ணைப் பறிக்கும். பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுறுத்தலிலேயே சுட்டிக்காட்டியிருக்கிறது. ஒரு கருவியின் விலை 42,000 ரூபாய்; ரொக்கமாகக் கொடுத்தால் 3,000 ரூபாய் தள்ளுபடி; தவணையில் என்றால் மாதம் 3,500 ரூபாய் வீதம் 12 மாதங்கள். இங்கே நாம் உண்மையில் வாங்கும் கடன் 39,000 ரூபாய். செலுத்துவது 42,000 ரூபாய். ஆண்டு வட்டி ஏறத்தாழ 14 விழுக்காடு ஆகிறது. இதன்மேல் செயலாக்கக் கட்டணமும் இருந்தால் விகிதம் இன்னும் ஏறும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்றே முழுத்தொகையும் கொடுத்தால் என்ன விலை?" என்பதே. அந்தத் தொகையை வைத்தே தவணைத் திட்டத்தையும் வங்கியின் தனிநபர் கடனையும் ஒப்பிட வேண்டும். ஆறேழு மாதங்கள் முன்பே தொடர்வைப்பில் சேமிக்கத் தொடங்கியவருக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது.

பொருத்துவதில் கவனம்

சரியாகக் கணக்கிட்டு வாங்கிய கருவியும் தவறாகப் பொருத்தினால் பயன் தராது. மின்இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு, புதிய கருவியைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். குளிரூட்டிக்குத் தனி மின்கம்பியும், தனி எம்.சி.பி.யும், முறையான எர்த் இணைப்பும் வேண்டும். வெளிப்புறக் கருவிக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது; மூடிய காற்றுக்குழியில் வைத்தால் தான் வெளியேற்றிய சூட்டையே அது மீண்டும் இழுத்துக்கொள்ளும். செப்புக்குழாய் நீள நீளத் திறன் குறையும். வாயுவைத் திறந்துவிடுமுன் குழாய்களிலுள்ள காற்றை வெற்றிடப் பம்பு கொண்டு நீக்குகிறாரா என்று அருகிலிருந்து பார்ப்பது நம் கடமை.

பயன்படுத்தும்போது 18 டிகிரியில் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தி திறன் பணியகம் கூறுகிறது. மின்விசிறியை மெல்ல ஓடவிட்டு 26 டிகிரியில் வைத்தாலே பெரும்பாலோருக்கு நல்ல உறக்கம் வரும்.

கடைக்குச் செல்லும் முன்

ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்வோம்: அறையின் நீளம், அகலம், உயரம்; தலைக்கு மேல் மொட்டைமாடியா, வேறு வீடா; மேற்குச் சுவரும் சன்னலும் உண்டா, அவற்றுக்கு நிழல் உண்டா; எத்தனை பேர் உறங்குவார்கள்; ஆண்டுக்கு ஏறத்தாழ எத்தனை மணி நேரம் ஓடும்; மின்கட்டணச் சீட்டில் உள்ள கடைசி அடுக்கின் யூனிட் விலை என்ன; மின்இணைப்பின் பளு எவ்வளவு.

இந்த ஏழு விடைகளோடு செல்பவரிடம் விற்பனையாளரும் கணக்கோடு பேசுவார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் மொட்டைமாடிக்கு ஏறி, தளம் எவ்வளவு சுடுகிறது என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருவதும் நல்லது.